ஜாக்கியும் முட்டும்

மாட்டு வண்டிக்கு மசகிடுவதை இளமையில் கண்டவர்கள் நம்மில் இன்னும் சிலராவது இருப்பார்கள். வண்டிக்காரர் நெம்புதடியைக் கொடுத்து ஒரு பக்கத்தை உயர்த்துவார். உடனே அச்சுக்குக் கீழே ஒரு முட்டுக்கட்டையை நிறுத்துவார். அதன் பிறகே கடையாணியைப் பிடுங்கிச் சக்கரத்தை வெளியே இழுப்பார். நெம்புதடி தூக்கும், முட்டு தாங்கும். இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதை எழுத்தறியாத அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மாட்டு வண்டி போய் மோட்டார் வண்டி வந்தபோது நெம்புதடியின் இடத்தில் ஜாக்கி வந்து சேர்ந்தது. முட்டு மட்டும் எங்கோ வழியில் தவறிவிட்டது. வீட்டு வாசலில் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு, வேறு பிடிமானம் ஒன்றும் இல்லாமல், 'ஒரு நிமிட வேலைதானே' என்று அதன் அடியில் தலையை நுழைப்பவரை இன்று எந்த ஊரிலும் காணலாம்.

மைசூரில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இந்தப் பேச்சு வீண் பேச்சன்று. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் புறப்படுகிறவர்களில் பலர் சாமராஜநகரம் வழியாகத் திம்பம் மலைப்பாதையில் இறங்கிச் சத்தியமங்கலம் சேருகிறோம். அப்பாதையில் கொண்டையூசி வளைவுகள் 27. ஏறுவதற்கு இயந்திர வலிமை போதும். இறங்குவதற்குப் பிரேக்கு நன்றாக இருக்க வேண்டும். பிரேக்குக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது, டயரின் உட்புறத்தில் வெடிப்பு உண்டா, எண்ணெய் எங்கேனும் கசிகிறதா என்பவற்றைப் புறப்படுமுன் பார்த்துவிடுவது நல்லது. பார்ப்பதற்குச் சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் மெக்கானிக்கின் பட்டறையில் இடம் கிடைப்பது அரிது. ஆகவே வீட்டிலேயே பார்த்துக்கொள்வோம் என்று துணிகிறோம். இந்தத் துணிவு போற்றத்தக்கதே. 1961இல் தொடங்கி 1996இல் மூடப்படும் வரையில் ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களைச் செய்து நாடெங்கும் அனுப்பிய தொழிற்சாலை இருந்த ஊர் இது. தன் வண்டியைத் தானே பிரித்துப் பூட்டிப் பார்க்கும் வழக்கம் இவ்வூர் இளைஞருக்குப் புதிதன்று. ஆனால் மோட்டார் சைக்கிள் தன் நடுத்தாங்கியில் நிற்கும். ஒருகால் சாய்ந்தாலும் பெரும்பாலும் காலில் ஒரு காயத்தோடு போகும். காரின் எடை வேறு.

அந்த எடையை முதலில் கணக்கிட்டுக்கொள்வோம். பழைய மாருதி 800 ஏறத்தாழ 650 கிலோ. இன்றைய சிறிய கார்கள் 800 முதல் 1,000 கிலோ வரை. இன்னோவா போன்ற பெரிய குடும்ப வண்டிகள் 1,700 கிலோவையும் கடக்கும். முன்சக்கரங்களால் ஓடும் சிறிய கார்களில் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்புறத்தில் இருக்கும். இயந்திரம் அங்கேதானே இருக்கிறது. 900 கிலோ எடையுள்ள காரின் முன்பக்கம் முழுவதையும் தூக்கினால் 540 கிலோ. ஒரு மூலையை மட்டும் தூக்கினால் அதில் பாதியை ஒட்டிய அளவு. எனவே '2 டன்' என்று முத்திரை குத்திய ஜாக்கி சிறிய காருக்குத் தாராளமாகப் போதும். கடைக்காரர் 5 டன், 10 டன் என்று எண்ணை உயர்த்திக் காட்டினால் நாம் மயங்க வேண்டியதில்லை. ஜாக்கி தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் வலிமைக் குறைவன்று. அது நிற்கும் தரையும், அது பிடித்த இடமுமே காரணம்.

வண்டியோடு கூடவே வருவது கத்தரி ஜாக்கி. நடுவிலுள்ள திருகைச் சுற்றச் சுற்ற, நான்கு கைகளும் கத்தரியைப் போல் மடங்கி நிமிரும். திருகு ஆதலால் தானாகக் கீழே இறங்காது. இது அதன் பெருமை. அடித்தட்டோ உள்ளங்கையளவே, இது அதன் சிறுமை. உயர எழும்ப எழும்ப அது கூத்தாடியின் கழி போல் ஆகிவிடும். பக்கவாட்டில் சிறிது தள்ளினாலும் சாயும். வழியில் பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியைப் பூட்டுவதற்கென்றே அது செய்யப்பட்டது. (ஸ்டெப்னி என்று நாம் வழங்கும் சொல், வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரத்தில் அச்சக்கரத்தை முதலில் விற்ற தெருவின் பெயர். அந்நாட்டார் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள்; நாம் மறக்கவில்லை.) வண்டியுடன் வரும் கையேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இந்த ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் செல்லலாகாது என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். வாங்கிய நாள்முதல் கையேட்டை அதன் உறையிலிருந்து எடுக்காதவர்களுக்கும் இதையே சொல்கிறோம்.

அடுத்தது பாட்டில் ஜாக்கி. குப்பி போன்ற வடிவம், உள்ளே எண்ணெய். இதன் தத்துவத்தைக் கண்டு சொன்னவர் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர். அடைத்து வைத்த திரவத்தில் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அது எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்ற அவருடைய நூல், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1663இல் வெளிவந்தது. அதைக் கொண்டு 1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா அழுத்தும் பொறியைச் செய்தார். 1851இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜியன் எடுத்துச் செல்லத்தக்க ஜாக்கிக்கு உரிமை பெற்றார். கணக்கு எளியது. கைப்பிடி அழுத்தும் சிறிய பிஸ்டனின் விட்டம் 1 சென்டிமீட்டர், பாரத்தைத் தூக்கும் பெரிய பிஸ்டனின் விட்டம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு ஒன்பது மடங்காகிறது. விசையும் ஒன்பது மடங்கு. கைப்பிடியின் நெம்புகோல் பலன் 15 மடங்கு என்றால், மொத்தம் 135 மடங்கு. 20 கிலோ கனத்தைத் தூக்கும் அளவுக்கு நாம் அழுத்தினால், உராய்வை நீக்கிப் பார்க்க, 2,700 கிலோ எழும்பும். இயற்கை இதை இலவசமாகத் தருவதில்லை. வண்டி ஒரு சென்டிமீட்டர் உயர நம் கை 135 சென்டிமீட்டர் இயங்க வேண்டும்.

இவ்வளவு வலிமை வாய்ந்த பாட்டில் ஜாக்கி வீட்டுக் காருக்குப் பெரும்பாலும் உதவாது. காரணம் அதன் உயரம். முழுதும் தாழ்த்திய நிலையிலேயே அது ஏறத்தாழ 18 முதல் 20 சென்டிமீட்டர் இருக்கும். சிறிய காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 16, 17 சென்டிமீட்டரே. டயரில் காற்றுப் போய்விட்டால் அதுவும் குறையும். நுழையாத ஜாக்கி எவ்வளவு டன் தூக்கினால் என்ன? ஜீப்பு, சரக்கு வண்டி ஆகியவை வைத்திருப்போர் இதை வாங்கலாம். அவற்றின் அச்சுக்கு அடியில் இது அழகாகப் பொருந்தும்.

வீட்டுக்கு ஏற்றது டிராலி ஜாக்கி என்பதே நம் கருத்து. நீண்ட உடல், நான்கு இரும்புச் சக்கரம், முன்னே தலைத்தட்டு, பின்னே நீண்ட கைப்பிடி. நாம் வண்டிக்கு வெளியே நின்றபடியே அதை உள்ளே செலுத்தித் தூக்கலாம். அகன்று தாழ்ந்து கிடப்பதால் எளிதில் சாயாது. வாங்கும்போது மூன்று அளவுகளைக் கேட்க வேண்டும். தாழ்ந்த நிலையில் தலைத்தட்டின் உயரம் எவ்வளவு, உயர்ந்த நிலையில் எவ்வளவு, ஜாக்கியின் சொந்த எடை எவ்வளவு என்பவை அவை. எட்டு பத்து கிலோ எடையுள்ள மலிவான ஜாக்கிகள் 35 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். அந்த உயரத்தில் சக்கரம் கழலும். ஆனால் முட்டு வைக்க இடம் போதாமல் திண்டாடுவோம். முப்பது கிலோவுக்கு மேலுள்ள கனமான ஜாக்கி 50 சென்டிமீட்டர் வரை போகும், ஆட்டம் குறைவு. ஆனால் அதை மாடிப்படி ஏற்றி வைப்பவர் முதுகு வலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தரைத்தளத்தில் வைக்க இடமுள்ளவர் கனமானதையே வாங்கட்டும்.

டிராலி ஜாக்கியைப் பற்றிப் பலர் கவனியாத செய்தி ஒன்று உண்டு. அதன் கை நேர்மேலாக எழுவதில்லை; வில்போல் வளைந்து எழுகிறது. தலைத்தட்டு மேலே போகப் போகச் சிறிது பின்னுக்கும் வருகிறது. வண்டியோ அசையாது நிற்கிறது. எனவே ஜாக்கிதான் தன் சக்கரங்களில் உருண்டு முன்னே சென்று அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ள வேண்டும். உருள முடியாத தரையில் என்னவாகும்? தலைத்தட்டு வண்டியின் அடியில் வழுக்கும். அல்லது வண்டியையே இழுக்கும். மண் தரையும், மணலில் பதித்த கற்கட்டிகளும் இதற்கு உதவா. மழைக்காலத்துச் செம்மண்ணில் சிறிய இரும்புச் சக்கரம் வெண்ணெயில் கத்தி போல் இறங்கும்.

மைசூர் வீடுகளின் தரை தனிக் கவனத்துக்குரியது. குவெம்பு நகரிலும் விஜயநகரிலும் முப்பதுக்கு நாற்பது அடி மனைகளில் எழுந்த வீடுகள் பல. போர்ட்டிகோவில் கார் ஒன்று நிற்கும். போர்ட்டிகோத் தரையில் மெருகிட்ட கருங்கல்லோ ஓடோ பதித்திருப்பார்கள். வாயிற்கதவுக்கு வெளியே சாக்கடையைக் கடந்து தெருவில் இறங்கச் சரிவு ஒன்று இருக்கும். பாதி வண்டி சமதரையிலும் பாதி சரிவிலுமாக நிற்பது வழக்கம். அந்த நிலையில் தூக்கவே கூடாது. வண்டி முழுவதும் சமதரையில் வந்தால் தூக்கலாம். வராத வீட்டுக்காரர், வேறு சமதரை கிடைக்கும் வரையில், சக்கரத்தில் காற்று நிரப்புவதோடு நின்றுகொள்வதே நல்லது. மும்பையிலும் தில்லியிலும் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துவோருக்குத் தரை பெரும்பாலும் நன்றாகவே அமையும். சங்கத்தின் செயலாளர் இசைவு தருவதுதான் கடினம்.

சக்கரத்துக்கு அடைகல் வைப்பதைப் பற்றி ஒரு சொல். கைப்பிரேக்கு பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கிறது. நாம் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது பிடித்திருப்பது அந்தரத்தில் தொங்கும் சக்கரங்களையே. தரையில் நிற்கும் முன்சக்கரங்களைக் கியர் ஒன்றுதான் தடுக்கிறது. ஆகவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைப்பது கட்டாயம். தேர்த் திருவிழாவில் கட்டை போடுபவர் இல்லாமல் வடம் பிடிப்பார் உண்டோ?

இனி, முட்டு. கடைகளில் இதை ஜாக் ஸ்டாண்டு என்பார்கள்; நாம் தாங்கி என்போம். மூன்று அல்லது நான்கு கால், நடுவே ஏறி இறங்கும் தண்டு. பணம் குறைவாக இருந்தால் நல்ல ஜாக்கியை விட்டாலும் நல்ல தாங்கியை விடக்கூடாது என்பது நம் உறுதியான எண்ணம். எண்ணெய் ஜாக்கி எவ்வளவு நல்லதாயினும் ஒரு ரப்பர் வளையத்தையும் ஒரு சிறு வால்வையும் நம்பி நிற்கிறது. வளையம் தேய்ந்தாலும், வால்வில் ஒரு தூசு சிக்கினாலும், எண்ணெய் பின்வாங்கி வண்டி இறங்கத் தொடங்கும். சில வேளை மெல்ல இறங்கும். சில வேளை அவ்வாறு அவகாசம் தராது. தாங்கியில் இரும்பின்மேல் இரும்பு நிற்கிறது. கசிவதற்கு அதில் ஒன்றுமில்லை.

மைசூர் அசோகபுரத்தில் 1924 முதல் இருந்துவரும் ரயில்வே பணிமனையைப் பலர் அறிவோம். ரயில்பெட்டியின் அடிவண்டியைக் கழற்ற வேண்டுமானால் பெட்டியைத் தூக்குகிறார்கள். வேலை நீடிக்குமானால் இரும்புக் குதிரைகளின் மேல் இறக்கி வைத்துவிட்டு வேலை பார்ப்பதே ரயில்வேப் பணிமனைகளின் முறை. அத்தனை பெரிய தூக்கும் பொறிகளை உடையவர்களே அவற்றை நம்பி அடியில் இருப்பதில்லை.

தாங்கியிலும் தேர்வு உண்டு. பற்சட்டம் உள்ளது ஒரு வகை. தண்டை மேலே இழுத்தால் பல் பல்லாக ஏறி ஒரு நாக்கில் சிக்கி நிற்கும். ஊசி செருகுவது மற்றொரு வகை. தண்டின் துளையில் கனத்த இரும்பாணியைக் குறுக்கே செருக வேண்டும். முதலாவது விரைவு, இரண்டாவது உறுதி. 2020இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரெய்ட் என்னும் வாணிக நிறுவனம் தான் விற்ற பற்சட்டத் தாங்கிகளை இலட்சக்கணக்கில் திரும்பப் பெற நேர்ந்தது. பற்களில் நாக்குப் போதிய ஆழம் பதியாமல், பாரத்தோடு சட்டென்று இறங்கக்கூடும் என்று கண்டார்கள். மாற்றாகக் கொடுத்த தாங்கிகளிலும் சிலவற்றில் பற்றவைப்புக் குறை தோன்றி, அவற்றையும் திரும்பப் பெற்றார்கள். முட்டுக்கும் சோதனை வேண்டும் என்பதற்கு இது சான்று. நாம் ஊசி வகையையே விரும்புகிறோம். வாங்குமுன் கால்களின் பற்றவைப்பு இடைவெளியின்றி முழுதும் ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். எழுதியுள்ள டன் கணக்கு ஒரு தாங்கிக்கா, இரண்டுக்கும் சேர்த்தா என்றும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து எழுதும் வழக்கமும் உண்டு.

தாங்கிக்குப் பதிலாகச் செங்கல்லையோ ஹாலோ பிளாக் என்னும் பொள்ளல் கட்டியையோ அடுக்குவது கண்டிக்கத்தக்கது. சுவரில் பரவிய பாரத்தைத் தாங்கும் கட்டி, ஒரு முனையில் குவிந்த பாரத்தின்கீழ் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். மரம் அப்படியன்று, முறியுமுன் முனகும். கனத்த வைரமரக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி வைப்பது பழைய முறையானாலும் பிழையில்லாத முறை. கழற்றிய சக்கரத்தை வண்டியின் விளிம்புக்கு அடியில் படுக்கப் போட்டு வைப்பதும் செலவில்லாத இரண்டாம் காவல்.

வண்டியை எங்கே பிடித்துத் தூக்குவது? கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பில், முன்சக்கரத்துக்குப் பின்னும் பின்சக்கரத்துக்கு முன்னும் சிறு வெட்டுக் குறிகள் இருக்கும், அவையே இடங்கள். இயந்திரத்தின் எண்ணெய்த் தொட்டியில் ஜாக்கியை வைத்தால் தொட்டி நசுங்கும். தரைத்தகட்டில் வைத்தால் தகடு குழியும். இப்போது பரவிவரும் மின்சாரக் கார்களில் மின்கலத் தொகுதி பெரும்பாலும் தரைக்கடியிலேயே பரந்து கிடக்கிறது. அதில் ஜாக்கி படுவது பெருஞ்செலவு மட்டுமன்று, தீ அபாயமும் ஆகும். அத்தகைய வண்டியுடையோர் கையேட்டிலுள்ள படத்தைப் பாராமல் ஜாக்கியைத் தொடக்கூடாது.

பட்டறைகளில் காண்பதைப் போன்ற இருதூண் தூக்கியை வீட்டில் அமைத்தால் என்ன என்று ஆசைப்படுவோரும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரிலேயே இவை செய்யப்படுகின்றன. ஆனால் அதற்குப் பன்னிரண்டு அடியை ஒட்டிய கூரை உயரமும், நான்கு அங்குலத்துக்குக் குறையாத உறுதியான கான்கிரீட் தரையும் வேண்டும். நம் போர்ட்டிகோவின் உயரம் பத்தடி. வாடகை வீட்டில் குடியிருப்பவர் தரையைத் துளைத்து ஆணி இறக்கினால் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை. குழி வெட்டி அதன்மேல் வண்டியை நிறுத்துவது பழைய உபாயம். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது, குழியில் தங்கும், ஒரு பொறி போதும். எண்ணெய் மாற்றுவது ஒன்றே தேவையாயின், சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் சாய்வு மேடைகள் இரண்டு போதும். மெருகிட்ட தரையில் அவை முன்னே சறுக்காதபடி அடியில் ரப்பர் விரிப்புப் போட வேண்டும்.

புது ஜாக்கியை வாங்கி வந்தவுடன் ஒரு சோதனை செய்யலாம். சக்கரம் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பும்படி வண்டியைத் தூக்கி, அருகில் தாங்கியையும் நிறுத்திவிட்டு, தரைக்கும் விளிம்புக்கும் உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தால் அன்றே கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எண்ணெய் குறைந்த பழைய ஜாக்கிக்கு ஜாக்கி எண்ணெயையே ஊற்ற வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கிறதே என்று பிரேக்கு எண்ணெயை ஊற்றினால் அது உள்ளிருக்கும் ரப்பர் வளையங்களை ஊதச் செய்து கெடுத்துவிடும்.

தூக்கும் முறையையும் சொல்லிவிடுவோம். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். அந்தரத்தில் தொங்கும் வண்டியில் நட்டோடு மல்லாடக் கூடாது. தூக்கியபின் தாங்கியை வைத்து, ஜாக்கியைத் தளர்த்திப் பாரத்தைத் தாங்கியின்மேல் இறக்க வேண்டும். பிறகு வண்டியின் ஓரத்தில் கை வைத்து நன்றாக அசைத்துப் பாருங்கள். விழுவதாயின், நாம் வெளியே நிற்கும்போதே விழட்டும். பிள்ளைகளையும் நாயையும் வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். வீட்டிலுள்ள ஒருவரிடம் நாம் இன்ன வேலையில் இருக்கிறோம் என்று சொல்லிவைப்பதும் நன்று. வண்டிக்குள் எவரும் உட்கார்ந்திருக்கலாகாது.

வேலை முடிந்து இறக்கும்போது வால்வைச் சட்டென்று திறவாமல், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் மெல்லத் திருப்ப வேண்டும். டயர் தரையைத் தொட்டபின் நட்டுகளை வரிசையாக அல்லாமல், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குவது முறை. ஐம்பது கிலோமீட்டர் அளவு ஓடியபின் அவற்றை மறுமுறை பார்ப்பது அவசியம். மைசூரிலிருந்து சாமராஜநகரம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். காப்பிக்கு இறங்கும் இடத்தில் நட்டு முடுக்கியையும் கையில் எடுத்துக்கொள்ளலாம்.